தங்கையும் எடுத்த பாடங்கள்

ஒரே செமஸ்டரில் மூன்று பெரிய கணிதப் பாடங்களை எடுப்பது தலைவலி பிடித்த வேலை. ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா, டோபாலஜி. "ரெண்டு போதும்மா, மூணும் சேர்ந்தா ஆளையே தின்னுடும்" என்றார் துறைத் தலைவர். எங்கள் கல்லூரியில் அப்படி யாரும் எடுத்ததில்லை. முதல் ஆள் நானாக இருக்க ஆசைப்பட்டேன். தப்பில்லையே.

மறுநாளே என் தங்கையும் அதே மூன்றில் சேர்ந்தாள். மஞ்சள் காமாலையில் எனக்கு ஒரு வருடம் போனதால் இருவரும் ஒரே வகுப்பு. "நீ தனியா மாட்டிக்கக் கூடாதுக்கா" என்று சிரித்தாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை தவறினால் வந்துவிடும். அதைக் கொடுக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் விட்டிருந்தார். நான் நீட்டுவேன், அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயில் போட்டுக்கொள்வாள்.

அல்ஜீப்ராவில் ஒரு நிரூபணம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தூங்கினாலும் அதுதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவள், "இந்த குரூப்புக்கு சென்டர் என்னன்னு பாத்தியாக்கா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள். பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்தது. "பாத்தியா, நீயே கண்டுபிடிச்சுட்டே!" என்று கைதட்டினாள்.

பிறகு அவள் நோட்டைப் புரட்டினேன்; அதை முன்பே முடித்திருந்தாள். என் மனம் நோகக் கூடாதென்று மறைத்திருக்கிறாள். என்னை முந்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எனக்காகக் காத்து நின்றாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் மாத்திரையை மாற்றினேன். கடையில் கிடைக்கும் சத்து மாத்திரை. அதே வெள்ளை, அதே வட்டம். லேசாக ஒருமுறை வலிப்பு வந்தால் அம்மாவே ஒரு பாடத்தை விடச் சொல்லிவிடுவார். அவள் உடம்புக்கும் நல்லதுதானே.

லேசாகத்தான் வந்தது, வீட்டுக் கூடத்தில். தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் துடைத்துவிட்டேன். அம்மா பதறிப்போய், "டோபாலஜியை விட்டுடு கண்ணு" என்றார். அவள் மெல்ல, "அக்காவுக்கு அதுதாம்மா கஷ்டமா இருக்கு. நான் கூட இருக்கணும்" என்றாள்.

அன்றைக்கே பழைய மாத்திரையைக் கொடுத்திருக்கலாம். என் அலமாரியில்தான் இருந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் வரும், எங்கே வேண்டுமானாலும் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சத்து மாத்திரையையே நீட்டினேன். "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

தேர்வுக்குச் சில நாள் முன்பு, கணிதத் துறை மாடிப்படியில் விழுந்தாள். நான் அவளுக்கு இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தேன். விழுவதற்கு முன்பே அவள் கை வெட்டி இழுப்பதைப் பார்த்தேன். பிடித்திருக்கலாம்.

ரத்தத்தில் மருந்தே இல்லை என்றார் டாக்டர். அம்மா என்னைப் பார்த்தார். "சில நாள் துப்பிடுவாம்மா, நான் உங்ககிட்ட சொல்லலை" என்றேன். தான் கவனிக்காமல் விட்டதுதான் காரணமென்று அம்மா இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறார்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மாற்றியது நான்தான். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். முடிவுகள் வந்துவிட்டன, மூன்றிலும் நான்தான் முதல். அவள் உயிரோடு இருந்து எழுதியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.