மூணாவது வளைவுக் கேசட்டு

இல்லைங்க கோவிந்தப்பன் சார், ரேசுக் கேசட்ட அழிச்சிப்போடுன்னு சொன்னா எப்படி? மொதல்ல உக்காருங்க. நாலு மணிக்குத்தானே கமிட்டி, நேரம் கெடக்குது.

நம்மளுக்குக் கல்யாணம், காதுகுத்துதாங்க பொழப்பு. தரையோட தரையா உக்காந்து ஓட்டறானுங்களே, அந்த கோ-கார்ட்டு ரேசப் புடிக்கப் போனது இதான் மொத தடவ. கமிட்டித் தலைவரு என்னா சொன்னாரு? யேசுராஜு, மூணாவது வளைவுலதான் எப்பவும் தகராறு, யாரு இடிச்சான்னு இந்தவாட்டி கேமரா சொல்லட்டும், அசையாம நில்லுன்னாரு. நின்னேன். ஆனா பாருங்க, பதினோரு வருசப் பழக்கம். எங்க சாப்பாடு நடக்குதோ அங்க என் கேமரா தானா திரும்பிக்கும். பந்திய எடுக்கலன்னா கல்யாண வூட்டுல சும்மா வுடுவாங்களா?

சிரிக்காதீங்க. வண்டிங்க வளைவுக்குள்ள வர்ற நேரம், அந்தாண்ட டயரு அடுக்குக்கிட்ட போண்டாத் தட்டு போகுது. நான் தட்டோடயே போயிட்டேன். இதோ, டிவில பாருங்க. வளைவு நடுவரு, கொடி கக்கத்துல, தட்டு கையில, முதுகு ரேசுப் பக்கம். நீங்களேதான். ஜோரா வந்திருக்கீங்க.

அட, ஏன் எந்திரிக்கறீங்க? இதுல ஒண்ணும் மாட்டல. நான்தான் இன்னொரு கூத்து பண்ணிவச்சிருக்கேனே. கை சும்மா இருக்கல, கல்யாணக் கேசட்டாட்டம் இது மேலயே முழுசா நாதஸ்வரம் ஏத்திப்புட்டேன். இடிச்ச சத்தமே போயிருச்சி. இது இடிக்கறதுக்கு முந்தியா பிந்தியான்னு ஒருத்தனும் சொல்லமுடியாது. கமிட்டி கேட்டா தெரியாதுங்கறத கன்னடத்துல கொத்தில்லன்னு சொல்லிட்டுப் போயிருங்க.

எனக்குத்தான் ஒரு சின்ன சந்தேகம். இங்க கடிக்கறீங்களே, அப்பவா இடிச்சுது? ஓ, இது மொத போண்டாவா! ரெண்டாவத வாயில வச்சப்பதான் டமால்னு கேட்டுச்சா? சரி சரி. திரும்பிப் பாத்தீங்க, முனிவேலோட ஏழாம் நம்பரு டயருல மாட்டிக் கெடக்குது, நாலாம் நம்பரு தாண்டிப் போயிருச்சு. நின்னவன்தான் இடிச்சிருப்பான்னு அவன் மேல தப்பு எழுதிட்டீங்க. கண்ணால பாக்கலன்னு வாய் வுட்டுச் சொன்னீங்க பாருங்க, அதுக்கே பெரிய மனசு வேணும்.

முனிவேலா? சொந்தமெல்லாம் இல்லைங்க. பேரிகை ஊருக்காரன், சிப்காட்டுல வெல்டரு. ஏழு மாசமா ஷிப்டு முடிச்சு வந்து, பைப்ப வளைச்சு, பழைய ஸ்கூட்டரு இன்ஜினப் பூட்டி அவனே செஞ்ச வண்டி அது. அடுத்த மாசம் பெங்களூரு ரேசுக்குன்னு செஞ்சான். நீங்க ஒரு வருசத்துக்கு வண்டியத் தொடாதன்னுட்டீங்க. நேத்து இங்க ஸ்டுடியோவுக்கு வந்தான். அண்ணா, நான் இடிக்கல, உங்க கேமராவுல இருக்கும்லன்னு கேட்டான். இந்த போண்டாவ எப்படிங்க அவனுக்குப் போட்டுக் காட்டறது? வெக்கமாப் போச்சு சார். அழுதேன்னு சொன்னா நம்பமாட்டீங்க.

டீ ஆறுது, குடிங்க. இந்தக் கேசட்ட வேணும்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. நாலு மணிக்குக் கமிட்டிக்கு நான் வேற கேசட்டு கொண்டாறேன்.

என்னாது? மூலையில கேமராவுல செவப்பா எரியுதே, அதக் கேக்கறீங்களா? நீங்க உக்காந்தப்பவே போட்டுட்டேன் சார்.