மூன்றாவது பிரதி

என் வீட்டுச் சாவிக்கு மூன்று பிரதிகள் உண்டு. ஒன்று என் சட்டைப்பையில், ஒன்று அலுவலக மேசை இழுப்பறையில், ஒன்று அண்ணன் வீட்டில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருக்கும் சாவியை வாங்கி வந்து, பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். "பூட்டு சௌக்கியமா தம்பி? நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்பார் அண்ணி. எனக்குக் கோபம் வராது. சாவி திறக்கிறதா என்று தெரியாமல் சாவி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்டது பரிசோதனைக் கூடத்தைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளுக்கு நான் பொறுப்பு. டிஸ்க் கெட்டாலோ, தீப்பிடித்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ தகவல்களை மீட்பது எப்படி என்று நாற்பது பக்கத் திட்டம் எழுதியவன் நான். அதை முழுதாகப் படித்த ஒரே ஆளும் நான்தான். பெரிய மருத்துவமனைக்காரர்கள் வந்தால் முதலாளி அதன் அட்டையைக் காட்டுவார். "எங்ககிட்ட எது கெட்டாலும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மேல ஒண்ணும் போகாது" என்பார். அது ஏழாம் பக்கத்தில் நான் எழுதிய வாக்கியம்.

திட்டப்படி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப் பிரதிகளிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கூடத்தை அரை நாள் மூட வேண்டும். "பேக்கப் முடிஞ்சதும் திரையில பச்சை டிக் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்றார் முதலாளி. நியாயமாகத்தான் பட்டது. பச்சை டிக்கைப் பார்த்து, 'சோதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். பதினொரு முறை.

பன்னிரண்டாவது கையெழுத்துக்கு முன் டிஸ்க் போனது. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி. இரவில் முழு டிஸ்க்கையும் எடுக்கும் பிரதி, முந்தைய நாள் வரைக்கும், சரியாக இருந்தது. மணிக்கு ஒன்றாக எடுத்த பிரதிகள் காலியாக இருந்தன. ஒரு வருடத்துக்கு முன் முடிவுகள் சேரும் இடத்தை நானே மாற்றியிருந்தேன். மணிக்கொரு பேக்கப் மட்டும் அந்தப் பழைய, காலி இடத்தை மணி தவறாமல் பிரதி எடுத்து, பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தது.

அன்று காலை வந்த அறுபத்து மூன்று பேரின் முடிவுகள் போய்விட்டன. கருவிகள் முடிவை அனுப்பியதும் தம்மிடம் இருப்பதை அழித்துவிடும். பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண் மட்டும் வரவேற்பு மேசைக் கணினியில் இருந்தன. ஐந்து மணிக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். முதலாளி கதவருகே நின்று, "எல்லாம் வந்துடும்ல?" என்றார்.

"வந்துடும் சார்."

மூன்று மணி நேரம் நிதானமாக வேலை செய்தேன். முன்பு வந்துபோனவர்களுக்குப் பழைய எண்ணைச் சற்று நகர்த்தினேன். ஹீமோகுளோபின் 12.4 இருந்தால் 12.6. அப்படியே போட்டால் சந்தேகம் வரும். புதியவர்களுக்காக எட்டு வருட ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். நூறு பேரில் எண்பது பேருக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே எல்லோருக்கும் நார்மல் என்று போட்டால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். டாக்டரின் கையெழுத்தும் கணினியில் ஒரு கட்டம்தான். அதையும் நிரப்பினேன். யாரையும் வீணாகப் பயமுறுத்திவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன்.

அவர்களில் ஒருவர் எங்கள் வரவேற்பு மேசை அக்கா. குரலுக்காக அவரை 'மைக்' என்போம். கொஞ்ச நாளாகவே சோர்வு, கையில் அடிபடாமலே நீலத் தடங்கள். அன்று காலை அவரும் ரத்தம் கொடுத்திருந்தார். ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எல்லாம் நார்மலா?"

"எல்லாம் நார்மல் அக்கா."

"போச்சு. இனிமே வீட்டுல உடம்பு முடியலன்னுகூடச் சொல்ல முடியாது. சோம்பேறின்னு சர்டிஃபிகேட்டே குடுத்துட்டீங்க." சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை டெக்னீஷியன் அம்மா ஒரு ட்ரேயோடு என் அறைக்கு வந்தார். "நேத்து எடுத்த ரத்தம் சார். டிஸ்க் போச்சேன்னு கொட்டாம ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தேன். சந்தேகம் இருந்தா திரும்ப ஓட்டிடறேன், அரை நாள் வேலைதான்."

முன்வரிசையில் அக்காவின் குழாய் இருந்தது. லேபிளில் அவருடைய உருண்டையான கையெழுத்து.

"வேண்டாம்மா, எல்லாம் வந்துடுச்சு" என்றேன். மறுபடி ஓட்டினால் இரண்டு விதமான எண்கள் வரும். எதை நம்புவது என்று ஜனங்கள் குழம்புவார்கள். அவர் ட்ரேயைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்.

ஒன்பதாவது வாரம் அக்கா மேசையிலேயே மயங்கி விழுந்தார். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அவர் கணவர் என் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டாக்டராகப் போய், "ரெண்டு மாசம் முன்னாடி நார்மல்னு போட்டிருக்கே சார்" என்று கேட்டாராம். அக்கா அதன்பின் இருபத்தாறு நாள்தான் உயிரோடு இருந்தார். இரண்டு முறை பார்க்கப் போனேன். மைக் என்று யாரும் கூப்பிட முடியாதபடி குரல் தேய்ந்திருந்தது. "தம்பி, அன்னிக்கு நான் நல்லாத்தானே இருந்தேன்?" என்றார். "ஆமா அக்கா" என்றேன். அந்த நிலையில் இருப்பவரைக் குழப்புவது சரியில்லை.

உங்கள் விசாரணைக் கோப்பில் ஒரு பொய் ரிப்போர்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள், அறுபத்து மூன்று. நூறுக்கு இருபது என்று பார்த்தால், பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு ஏதோ ஒன்று இருந்திருக்கும். பொறுப்பில்லாதவன் என்று மட்டும் என்னை நினைத்துவிடாதீர்கள். யாருக்கு என்ன எண் போட்டேன், அவர்கள் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அன்றே பட்டியல் எடுத்து வைத்துவிட்டேன். மூன்று பிரதிகள். ஒன்று என் சட்டைப்பையில், ஒன்று மேசை இழுப்பறையில், மூன்றாவது பிரதி அண்ணன் வீட்டில், சாவியோடு. பதினான்கு மாதமாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றையும் திறந்து சரிபார்க்கிறேன். ஒரு பெயர்கூடத் தொலையவில்லை.