குதிக்கும் பட்டன்

சுட்ட களிமண் வாடை வந்தாலே விருத்தாசலம் பஸ் நிலையத்தில் கேட்ட அந்தப் பேச்சு என்னைச் சுற்றிக்கொள்கிறது.

"நீ குவைத்து போயிட்டா யாருடி குதிப்பா?"

கேட்டவனின் வலக்கை விரல்களைப் பீங்கான் பட்டறை மிஷின் தின்றிருந்தது. மடியில் திரையோடு கூடிய சின்ன லினக்ஸ் வீடியோ கேம் பெட்டி, அதில் செருகிய இரண்டு கண்ட்ரோலர்கள். திரையில் ஓடும் ஒரே மனிதனை அவன் இடக்கையால் நடத்தினான்; பள்ளம் வந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்த மனைவி தன் கண்ட்ரோலரை அழுத்திக் குதிக்கவைத்தாள்.

"ஒத்தக் கையால ஆடுற மாதிரி மாத்தி வச்சுக்க மாமா. நான் லேட்டாக் குதிச்சுக் கொல்றேன்னு திட்டுவியே."

"மாத்தத் தெரியும். மாட்டேன்."

"அப்ப போவாம இருந்துடவா? வூட்டுல அடுப்பு எரியணும்ல?"

சென்னை பஸ் உறுமியது. தன் கண்ட்ரோலரை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நடந்துக்கிட்டே இரு மாமா. பள்ளம் வந்தா அங்கயே நில்லு. வந்துடுறேன்."