மருதாத்தாளுக்கு விஷ ஊசி போட்டதாகச் சொல்லப்படும் டாக்டரைப் பற்றி அவள் தாய் சொன்னது

பெயர் வள்ளியாத்தாள், வயது முப்பத்திரண்டு, காலஞ்சென்ற ஆறுச்சாமியின் மனைவி, இருப்பிடம் சித்தூர் தாலுகா பெருமாட்டி பஞ்சாயத்து, தொழில் விவசாயம். எனக்கு மலையாளம் பேச வரும் என்றாலும் என் மகள் விஷயத்தைத் தமிழில்தான் சரியாகச் சொல்ல முடியும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில், தமிழ் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் எழுத, 1974 ஜூலை மாதம் ஸ்டேஷனில் நேரில் வந்து சொல்வது.

என் கணவர் வாளையாரில் லாரி மோதி இறந்தபின் எனக்கும் என் ஒரே மகள் மருதாத்தாளுக்கும் ஆதரவாக இருப்பவர் என் கணவரின் அண்ணன் சென்னியப்பன். புகார் கொடுத்தவரும் அவர்தான். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் மரியஜோசப், குடும்பத்தாரைக் கேட்காமல் ஏழு வயதுக் குழந்தைக்கு விஷ ஊசி போட்டுச் சோதனை செய்கிறார் என்று புகாரில் இருப்பதாக எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

மாசி மாதத்தில் மருதாத்தாள் வயிறு வலிக்கிறது என்றாள். பூச்சி மருந்து கொடுத்தோம். அதன் பிறகு வயிறு வீங்கியதால் டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டியதில், வயிற்றில் டி.பி. என்று சொல்லி ஊசி போட்டார். வீக்கம் குறையவில்லை. பாவாடை நாடா எட்டாமல் போனதால் இடுப்பில் துண்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன், சில நாளில் அதுவும் எட்டவில்லை. அதன் பிறகு சென்னியப்பன்தான் குழந்தையைத் தோளில் போட்டு பஸ் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

டாக்டர் மரியஜோசப் இடுக்கிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தமிழ் ஆட்களோடு பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குழந்தையின் வயிற்றை வெகு நேரம் தடவிப் பார்த்தார். அதன் பிறகு வாயைத் திறக்கச் சொன்னார்.

“வகுத்து நோவுக்கு வாயை எதுக்குங்க பாக்கறீங்க?” என்று கேட்டேன்.

அவர் கடைவாய்ப் பல் ஒன்றை விரலால் அசைத்தார். அது ஆடியது. “இது எப்ப இருந்து ஆடுது தாயி?” என்றார்.

“பால் பல்லு உழுகற வயசு தானுங்களே.”

“முன்பல்லு விழுகிற வயசு. இது கடைவாய்ப் பல்லு. தாடையிலயும் வீக்கம் இருக்கு, பாருங்க.”

நான் தொட்டுப் பார்த்தேன், இருந்தது. தினமும் கழுவி விடுகிற முகத்தில் அதை நான் கண்டதில்லை. வயிற்றிலும் தாடையிலும் சேர்ந்து வந்து மிக வேகமாக வளரும் ஒரு புற்றுநோய் ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு வருவதாகப் படித்திருப்பதாகவும், தான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்றும், கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும் என்றும் டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு வயிற்றைக் கீறினார்கள். குடலைச் சுற்றிக் கட்டி பரவியிருப்பதால் வெட்டி எடுக்க முடியாது என்று துணுக்கு மட்டும் எடுத்துத் தைத்துவிட்டார்கள். சென்னியப்பன், “கீறிப்போட்டு எடுக்காம மூடிட்டீங்களே, இது என்ன வைத்தியமுங்க?” என்று சத்தம் போட்டார். டாக்டர், தபாலில் அனுப்பினால் தாமதமாகும் என்று அந்தத் துணுக்கைத் தானே ரயிலில் மெட்ராசுக்குக் கொண்டு போனார். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் கசங்கிய சட்டையோடு வார்டுக்கு வந்து, தான் நினைத்த நோய்தான் என்று சொன்னார். சென்னியப்பன், போகிற உயிர் வீட்டிலேயே போகட்டும் என்று சொல்லிக் கார் பிடிக்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு டாக்டர் என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து சொன்னது:

“ஒளிக்க மாட்டேன் தாயி. இதுக்கு ஒரு மருந்து இருக்கு, மெட்ராஸ்ல வாங்கிட்டு வந்திருக்கேன். அதுவும் விஷந்தான். கட்டியையும் தாக்கும், பிள்ளையையும் தாக்கும். முடி கொட்டும், வாந்தி எடுப்பா. கட்டி மளமளன்னு கரைஞ்சா அந்தக் கழிவு சிறுநீரகத்த அடைச்சு உயிரே போகலாம். போடலேன்னா இந்த மாசம் தாண்டுறது கஷ்டம்.”

“முன்னால ஆருக்காச்சும் போட்டிருக்கீங்களா?”

“இந்த நோய்க்குப் போட்டதில்ல. போட்டவங்களக் கேட்டுட்டு வந்திருக்கேன்.”

அதுவரை என் மகளைப் பார்த்த எல்லோரும் எல்லாம் தெரியும் என்றே சொன்னார்கள். இவர் ஒருவர்தான் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அதனால், “போடுங்க, நான் கையைப் புடிச்சுக்கறேன்” என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. காரோடு திரும்பி வந்த சென்னியப்பன், ஊசி ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வெளியேறினார்.

அதன் பிறகு குழந்தைக்கு பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். சிறுநீர் பிடிக்கும் பாத்திரத்தை டாக்டரே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு நாள் காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. டாக்டர் சாப்பாட்டுக்கும் போகாமல் கட்டில் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். சாயங்காலம் குழந்தை படுக்கையை நனைத்துவிட்டு அழுதாள். டாக்டர் எழுந்து நின்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். படுக்கையை நனைத்ததற்காகப் பெரிய மனிதர் ஒருவர் சந்தோஷப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரத்துக்குள் வயிறு இறங்கத் தொடங்கியது. பாவாடையில் வைத்துத் தைத்த துணியைப் பிரித்து எடுத்தேன். ஆனால் முடி முழுவதும் கொட்டியது, வாயெல்லாம் புண்ணாகி வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். அந்த நிலையில்தான் சென்னியப்பன் மறுபடி வந்து பார்த்தார். வெளியே போய் வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். அவர் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது மருதாத்தாள் இரண்டு வேளை சோறு சாப்பிடுகிறாள். தவணை வைத்து ஊசி போட்டு வருகிறோம். குணமாகிவிட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. கேட்டால், “திரும்பி வந்தாலும் வரும் தாயி, பாத்துக்கிட்டே இருக்கணும்” என்கிறார்.

இன்று குழந்தையைக் கூடவே கூட்டி வந்தேன். வராந்தாவில் சென்னியப்பன் அவளை மடியில் உட்கார வைத்து, வயிற்றைத் தடவித் தேடிப் பார்த்து, “அந்தக் கட்டி எங்க போச்சு சாமி?” என்று கேட்டார். “டாக்டரு கரைச்சுப்போட்டாருங்க பெரியப்பா” என்றாள். அவர் புகாரை வாபஸ் வாங்குவதாகவும் இதுவரை சொல்லவில்லை. குழந்தையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

டாக்டர் போட்டது விஷம் என்பது எனக்கு முன்பே தெரியும், அவரே சொல்லித் தெரியும். அவர் மேல் எனக்கு எந்த ஆவலாதியும் புகாரும் இல்லை. அவரை இங்கே அழைத்து விசாரிக்க வேண்டியிருந்தால், வருகிற திங்கட்கிழமை என் மகளுக்கு அடுத்த ஊசி போட்டு முடித்த பிறகு அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தவணை தவறக் கூடாது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வள்ளியாத்தாள்