மாசி மகத்தன்று எனக்கு அருள் வரவில்லை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் புவனேஸ்வரன் அவர்களே, ஆலயத்தைத் தாங்கும் ஆன்றோரே, அள்ளி அள்ளி அன்பு தரும் அன்னையரே, படகோட்டி ஜாஹிர் தம்பியே, எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்தத் தாளில் எழுத்துகள் கோணலும் மாணலுமாகக் கிடக்கின்றன. எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகிய கை. ஆனால் நானே எழுதினேன், நானே படிக்கிறேன்! தடுக்கினால் பொறுத்தருளுங்கள். யாரம்மா அங்கே, ‘மெதுவா படிங்க தாத்தா, சாப்பாடு எங்கயும் ஓடிறாதுலா’ என்பது? நன்றி தாயே.

எனக்கு ஏன் இந்தப் பொன்னாடை? மாசி மகத்தன்று மாலை, தெலுக் பஹாங் கடற்கரை. அம்மனைப் படகில் ஏற்றியாயிற்று. உறுமி முழங்குகிறது. என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. முதியோர் வகுப்பு துளசி டீச்சர் தமிழில் வரும்படி வைத்துக் கொடுத்த கடல் எச்சரிக்கை! எழுத்துக் கூட்டும்போது என் குரல் தானாக உயரும், உடம்பும் ஆடும்.

‘ப… லத்த… கா… ற்று! கட… லில் இற… ங்க வேண்… டாம்!’

உறுமி நின்றது. ‘தாத்தாவுக்கு அருள் வந்திருச்சு!’ என்றது ஒரு குரல். தலைவர் என் காலில் விழுந்தார். ‘தாயே, எப்போ போலாம்?’ நான் அடுத்த வரியைப் படித்தேன்: ‘இர… வு எட்டு ம… ணிக்குப் பிறகு!’

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மனை இறக்கி எல்லோரும் கரையிலேயே நின்றோம். காற்று வந்தது. கட்டிக் கிடந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன.

சொன்னது யார்? நானா? வானில் சுற்றும் செயற்கைக்கோள் மேகத்தைப் பார்த்தது. செயற்கை நுண்ணறிவு அதன் வேகத்தைக் கணித்தது. கடல் சூடேறிப்போன இந்தக் காலத்தில் காற்று எப்போது கிளம்பும் என்று எந்தக் கண்ணுக்குத் தெரிகிறது? நான் படித்தேன், அவ்வளவுதான். அதையாவது சொன்னேனா? நீட்டிய நெற்றிகளுக்கெல்லாம் திருநீறு பூசினேன். வெட்கம், பெரியோரே, வெட்கம்!

இன்று வாசலில் ஜாஹிர் என்னைப் பிடித்துக்கொண்டார். ‘நாளைக்கு இருபது பேர ஏத்திக்கிட்டுத் தீவு சுத்தப் போறேண்ணே. நீங்க சரின்னா சரி. அந்த அலர்ட் தொல்லைய நிறுத்திட்டேன்லா.’

இருபது உயிர்! என் வாயை நம்பியா? இந்தப் பொன்னாடை என் தோளில் எரிகிறது. தலைவரே, பிடியுங்கள். ஜாஹிர் தம்பி, எழுந்திருங்கள். இத்தனை பேர் முன்னால் அந்த எச்சரிக்கையைத் திரும்பப் போடுங்கள். அதுவரை நான் இறங்கமாட்டேன்.

‘போட்டுட்டேண்ணே, உக்காருங்க’ என்கிறீர்களா? நாளைக்கு என்ன சொல்கிறது? உரக்கப் படியுங்கள்.

‘…பகலில் இடியோடு பலத்த காற்று.’

கேட்டீர்களா, தாய்மார்களே? அந்தப் படகு நாளை கரையிலேயே கிடக்கட்டும். தலைகுனிந்து இறங்குகிறேன். காது கொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.