சேருக்கும் ஒரு டிக்கெட்

திண்டிவனத்தில் பஸ் ஏறிய பெண், கையிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் சேரைக் காட்டி, "இதுக்கும் ஒரு விழுப்புரம் குடுங்க. லக்கேஜ் இல்ல, ஆள் டிக்கெட்டு" என்றார்.

கண்டக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "கேபிள் டிவியில ராத்திரி பத்து மணிக்குப் பேசுவீங்களே, அந்த அக்காதானே? நகராட்சித் தலைவரு பேட்டிக்கு வர்லன்னு காலி சேர வச்சிக்கினு, ஊருக்கு ஏன் தண்ணி வர்லன்னு கேள்வி கேட்டீங்களே! ஊரே பாத்துச்சி. ஏன் நின்னுபோச்சி?"

"தலைவரு சம்சாரமே லைவுல போன் பண்ணி, எங்க தெருவுலயும் தண்ணி வர்லன்னாங்க. மறுநாளே புரோகிராம தூக்கிட்டாங்க."

"இப்ப சேரு எங்க போவுது?"

"விழுப்புரத்துல இன்னிக்கு அவரு மேடையில பேசறாரு. எதிர்லயே இதப் போட்டு உக்காந்துக்கினு அதே கேள்விய கேக்கப் போறேன். இந்தத் தபா சேரு காலியா இருக்காது."