கூடுதல் நீர் வெளியேற்றம்

இல்ல அண்ணே, நீங்க உக்காருங்க. பட்டறையில தண்ணி விட்டுட்டுப் போன இந்த மூலைச் சேத்தை நானே வாரிடறேன். மண்வெட்டி பிடிக்கிற லட்சணத்தைப் பாத்துச் சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. பேனா பிடிச்ச கை, அதான் அரை மணி நேரத்துலயே கொப்புளம் போட்டுடுச்சு.

வேலையா? எழுத்து வேலைதான். அறிவிப்பு, கடுதாசி, அந்த மாதிரி. அதுல சொல்லிக்க ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமையானா நூலக மாடியில பழைய சீனத்துத் தத்துவம் பேசுவேன். நம்ம பேச்சைக்கூட உக்காந்து கேக்க முப்பது நாப்பது பேர் வர்றாங்கன்னா பாத்துக்கங்களேன்.

என்ன பேசுவேனா? அங்க ஒரு பெரியவர் இருந்தாரு. ரெண்டாயிரத்தைந்நூறு வருஷம் இருக்கும். ஆட்சி கையில கிடைச்சா முதல்ல என்ன செய்வீங்கன்னு அவரைக் கேட்டாங்களாம். எதை எதை எப்படிக் கூப்பிடணுமோ அப்படிக் கூப்பிட வைப்பேன்னாராம். கேட்டவருக்கே சப்புன்னு ஆயிடுச்சு. ஆனா யோசிச்சா விஷயம் இருக்கு. பேரு தப்பா இருந்தா அதை நம்பிச் செய்யற காரியமும் தப்பாத்தானே போகும்? கடைசியில அடிபடறது நம்மள மாதிரி ஆளுங்கதான்.

போன மாசம்கூட இதைத்தான் பேசினேன். நூறு பேரை வேலையை விட்டுத் துரத்திட்டு, ஆள் சீரமைப்புங்கறான். விலையை ஏத்திட்டுத் திருத்தம்ங்கறான். ஊரு மேல குண்டைப் போட்டுட்டு நடவடிக்கைங்கறான். நம்ம காலத்துக்கே அந்தப் பெரியவர் சொல்லி வச்ச மாதிரி இல்லையான்னு கேட்டேன். அப்படி ஒரு கைதட்டு! எனக்குத் தலைகால் புரியல. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி இன்னொரு தரம் பேசிப் பாத்தேன்.

இது என்ன, மரம் சீவற இழைப்புளியா? துரு ஏறிடுச்சே. ஓரமா வைக்கிறேன்.

திரும்பவும் ஆரம்பிக்கிறீங்க பாருங்க. அண்ணிக்கு இடுப்பெலும்பு முறிஞ்சதுக்கு நீங்க எப்படிக் காரணமாவீங்க? இடுப்பளவு தண்ணியில அலமாரி பேந்து வந்து சாஞ்சா யாரு என்ன பண்றது? நோட்டீஸைப் படிச்சும் கிளம்பாம இருந்துட்டேன், நான் முட்டாள், நான் முட்டாள்னு காலையில இருந்து எத்தனை தரம் சொல்லிட்டீங்க. கேக்கவே முடியல அண்ணே.

அந்த நோட்டீஸ் இன்னும் உங்க கதவுலதான் ஒட்டியிருக்கு. வந்ததும் பாத்தேன். கூடுதல் நீர் வெளியேற்றம், கரையோர மக்கள் கவனமாக இருக்கவும். இதைப் படிச்சவன் என்ன செய்வான்? பலகையை ரெண்டடி உயரத்துல தூக்கி வைப்பான். பின்வாசலைச் சாத்துவான். நீங்க அதைத்தானே செஞ்சீங்க? படிப்பு கம்மியாவது ஒண்ணாவது. நீங்க சரியாத்தான் படிச்சீங்க. எழுதினவன்தான் தப்பா எழுதிட்டான்.

எனக்கு எப்படித் தெரியுமா?

நான்தான் எழுதினேன்.

அணைக்கட்டு ஆபீஸ்லதான் இருக்கேன். வந்ததும் சொல்லியிருக்கணும், வாய் வரல. இருங்க, முழுசாச் சொல்லிடறேன், அப்புறம் வெளிய போன்னாப் போயிடறேன். முதல்ல ஒழுங்காத்தான் எழுதினேன். சாயங்காலத்துக்குள்ள வெள்ளம் வரும், வீட்டைக் காலி பண்ணுங்கன்னு. சனம் பயந்து ரோட்டுக்கு வந்துடும், கொஞ்சம் பதமா எழுதுய்யான்னாரு மேலதிகாரி. முடியாது சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதட்டலகூட அவரு. நான் அஞ்சு நிமிஷத்துல மாத்திக் குடுத்தேன். உன்னை விட்டா ஆளில்லைன்னு முதுகுல தட்டினாரு. உள்ளுக்குள்ள குளுந்துச்சு அண்ணே, அதை மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் செஞ்சது பாவம். நீங்க உங்களைத் திட்டிக்கறதை விட்டுட்டு என்னைத் திட்டுங்க.

என்ன? அந்தப் பெரியவர் சொன்னது மறந்துடுச்சாங்கறீங்களா?

மறந்திருந்தாத் தேவலையே. கையெழுத்தைப் போட்டுட்டு நேரா வராந்தாவுக்கு வந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவ வீடும் ஆத்தோரம்தான், இங்கேருந்து நாலு தெரு. பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு இப்பவே கிளம்புன்னேன். அவகிட்ட நான் வெள்ளம்னுதான் சொன்னேன்.